ஒன்பது குணங்களும் இரண்டாம் பாகமும்

நான் நூலகத்துக்குப் போனது தூங்குவதற்கு. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் கேவலம் எனக்குத்தான். ஆந்திர எல்லைக்குள்ளே, நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். காலை ஐந்து மணிக்கு ஷிப்ட். மத்தியானம் ஒரு மணிக்கு வீடு திரும்பினால் சிமெண்டு ஷீட்டுக்குக் கீழே மனுஷன் அவிந்து போவான். கிளை நூலகத்தில் இரண்டு ஃபேன் உண்டு. அதில் ஒன்று ஓடும். ஓடுகிற ஃபேனுக்கு நேர் கீழே நீளமாக ஒரு பெஞ்சு. வேறென்ன வேண்டும்?

வாசலில் ஒரு வருகை நோட்டு இருக்கும். அதில் கையெழுத்துப் போடாமல் ஈ காக்கையைக்கூட உள்ளே விடமாட்டார் வேங்கடாசலம். நூலகர், பெருக்குகிறவர், காவல்காரர் எல்லாம் அவர் ஒருவரே. "நோட்டுல போட்டுட்டு உள்ள போயி எப்டினா கெட நாகேந்திரா" என்பார். போட்டுவிட்டுப் போய்க் கிடப்பேன். நல்ல நாள் கெட்ட நாள் பார்த்ததில்லை.

புத்தகம் எடுத்துப் போவதற்கு வேறொரு நோட்டு. வினை அதில்தான் இருந்தது. வேங்கடாசலம் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். தமிழ்ப் புத்தகத்தின் பேரை எழுத்துக்கூட்டி நோட்டில் ஏற்ற அவரால் ஆகாது. ஆகாது என்று சொல்லவும் வெட்கம். அதனால் யாராவது தமிழ்ப் புத்தகத்தோடு வந்து நின்றால், "நம்ம மனுஷங்களுக்கு இன்னாத்துக்கு நோட்டு? எடுத்துக்கினு போ, படிச்சிட்டு கொண்டாந்து வெச்சிடு" என்று பெரிய மனசோடு அனுப்பிவிடுவார். பதினோரு வருஷமாக இதுதான் நடைமுறை. தமிழ் அலமாரியில் இருக்கிற அறுநூறு புத்தகங்களில் ஒன்றுகூடத் தொலையவில்லை. ஒன்றுகூட எழுதப்படவும் இல்லை.

அந்த அலமாரியிலிருந்து அதிகம் எடுத்துப் போனது தபீதாள் அக்கா. ஐம்பத்தைந்து வயது, மிஷன் கோயிலுக்குப் பின்னால் வீடு, மாங்கூழ் பேக்டரியில் பழம் நறுக்குகிற வேலை. அக்கா சிரித்து நான் பார்த்ததில்லை. வருவாள், அலமாரிக்கு நேரே போவாள், ஒரு புத்தகத்தை எடுத்துத் துணிப்பையில் போடுவாள். திரும்பிப் போகும்போது என் பெஞ்சுக் காலை ஓர் உதை விடுவாள். "கொறட்ட உடாத. படிக்கிறவங்க கீற எடம் இது." அவளைத் தவிர அங்கே ஒரு குஞ்சும் இருக்காது.

புத்தகம் அவளுக்கு மட்டும் இல்லை. பேக்டரியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முப்பது பொம்பளைகளை உட்கார வைத்துச் சத்தமாக வாசிப்பாள். தினமும் பத்துப் பக்கம். இந்த மாம்பழ சீசனுக்கு வாசித்தது பெரிய குடும்ப நாவல், இரண்டு பாகம். அட்டையும் முதல் நாலு பக்கமும் எப்போதோ கிழிந்து, எந்தக் காலத்திலோ பச்சைக் காலிகோ துணியில் பைண்டு பண்ணி, முதுகில் வெள்ளைப் பெயிண்டால் 1, 2 என்று போட்டிருந்தார்கள். எழுதினவர் பேரும் தெரியாது, கதையின் பேரும் தெரியாது. பேக்டரியில் அதற்குப் பேர் ருக்மணி கதை.

இதெல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது எனக்குத் திருப்பதியிலிருந்து போன் வந்தது. வாசிப்பு எழுச்சி வாரியமாம். அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள். விஷயம் என்ன என்று கேட்டேன். நூலகம் சம்பந்தமாக என்றார்கள்.

"தூங்கனதுக்கு கேஸ் போட்டுக்கீறாங்க. பேசாம போயி கால்ல உழுந்துட்டு வா" என்று என் சம்சாரம் யசோதா வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

கேஸ் இல்லை. வாரியத்துக்குக் கீழே இருக்கிற இரண்டு ஜில்லாவிலும் வருஷத்துக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு நாள் நூலகத்துக்கு வந்தவன் நான் ஒருத்தன்தான் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதாம். அதனால் என்னை எங்கள் ஊருக்கு 'நூலக சமூகத் தூதர்' ஆக்கியிருக்கிறார்களாம். என்னைப் போல இன்னும் முப்பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். பேர் எழுதிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "மேடம், நான் படிக்கறதுக்குப் போகல. தூங்கறதுக்குப் போனேன்" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து, "சூடண்டி, பாருங்க, எவ்வளவு பணிவு!" என்றார். என் பேருக்கு நேரே 'பணிவு' என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்தது.

பத்து மணிப் பயிற்சிக்கு மண்டபத்தின் கதவு பத்துக்குத் திறக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. சூளூர்பேட்டையிலிருந்து வந்திருந்த மீன் வியாபாரி ஒருவர், "எப்பப்பா தெறப்பீங்க?" என்று கதவைத் தட்டினார். இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். இதுவரை நடந்தது பொறுமைத் தேர்வு என்று அறிவித்தார்கள். கதவைத் தட்டினவரைத் தோல்வி என்று சொல்லி அடுத்த பஸ்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் போகும்போது எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பரிதாபம் என்றுதான் சொல்லவேண்டும்.

மேடைக்கு வந்தவர் வாரியத்தின் குணநலப் பிரிவு இணை இயக்குநர் கோபிகிருஷ்ணன். நல்ல தூதருக்கு ஒன்பது குணங்கள் வேண்டும், அவற்றில் தலையாயது பிறர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பது என்று ஆரம்பித்தார். கேட்பதைப் பற்றி அவர் மூன்றே முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில் ஒருவர் கையைத் தூக்கினார். "கையை இறக்குங்க அண்டி. கேக்கறவனுக்குக் கேள்வி வராது. கேள்வி வந்தா அவன் கேக்கலன்னு அர்த்தம். காதா, இல்லியா?" என்றார் இணை இயக்குநர். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, ஏசி மண்டபம்.

மறுநாள் புன்னகை. ஒரு செல்போனை முகத்துக்கு நேரே பிடித்தால் எத்தனை சதவீதம் சிரிக்கிறோம் என்று காட்டியது. எனக்கு நாற்பத்தொன்று வந்தது. "உதடு சரியா கீது. கண்ணுல ஏதோ தப்பு செஞ்ச மாதிரி தெரியுது" என்றார் பயிற்சியாளர். தெரியாமல் என்ன செய்யும்? அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நிற்கவைத்து எழுபத்தெட்டுக்கு ஏற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் பணிவுப் போட்டி நடந்தது. ஒவ்வொருவரும் மேடைக்கு வந்து, தான் மற்ற எல்லோரையும்விட எப்படிப் பணிவானவர் என்று இரண்டு நிமிஷம் நிரூபிக்கவேண்டும். வென்றவருக்குப் பேர் பொறித்த கேடயம் தந்தார்கள். தோற்ற இரண்டு பேர் தங்கள் பணிவை நடுவர் குறைத்துவிட்டதாக வெளியே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடைசியில், பலமனேரிலிருந்து வந்திருந்த நளினி டீச்சர் மட்டும் எழுந்து நின்று கேட்டார்: "சார், ஒன்பது குணத்தையும் பாத்தேன். புன்னகை கீது, நல்ல டிரஸ்ஸு கீது, முடியாதுன்னு சொல்லாமை கீது. படிக்கிறது மட்டும் இல்லையே?"

இணை இயக்குநர் டீச்சரைச் சின்னக் குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்தார். "அம்மா, படிக்கிறது வாசகர் வேலை. தூதரும் படிக்க உட்கார்ந்துட்டா தூது யார் போறது? நான் இந்தத் துறைல இருபத்தாறு வருஷமா இருக்கேன். ஒரு நாளும் என் வேலைக்கு இடைஞ்சலா ஒரு புஸ்தகம் வந்ததில்ல. அந்தக் கட்டுப்பாடு வேணும்."

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெரிய நிம்மதியாக இருந்தது. படிக்காதது குற்றம் என்று நினைத்து வந்தவனுக்கு அதுவே தகுதி என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

தோள்பட்டையில் குறுக்கே போட ஒரு நீலப் பட்டை, மார்பில் குத்த ஒரு பித்தளை வில்லை, தலைக்குத் தொப்பி எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள். ஊருக்கு வந்தேன். தெருவில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். யசோதா அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்து, "தேர்தல்ல நிக்கறியா?" என்று கேட்டாள். ஆனால் இரண்டாவது நாளே பட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

வேலை என்னவென்றால் போட்டோ அனுப்புவது. காலையில் மூன்று, மாலையில் மூன்று. மக்கள் வாசித்துக்கொண்டிருப்பது போல ஒன்று, நான் அவர்களைப் பார்த்துப் புன்னகைப்பது போல ஒன்று, இப்படி. வாசிக்கிறவர்கள் கிடைக்கவில்லையென்றால் ஆட்களைக் கூட்டி வந்து உட்கார வைக்கவேண்டும். டீக்கடை முனிசாமி நாற்பது நாளாக ஒரே என்சைக்ளோபீடியாவின் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போஸ் கொடுத்தார். அது ஒட்டகத்தைப் பற்றிய பக்கம். முப்பதாவது நாளில், "நாகேந்திரா, இதுக்கு கண்ணுல ரெண்டு வரிசை இமைமுடியாம்பா!" என்று ஆச்சரியப்பட்டார். படிக்கவேண்டாம், போட்டோ ஆடுகிறது என்று அதட்டினேன். நான்தான் அதட்டினேன்.

போட்டோ எடுக்கும்போது கூட்டம் குறுக்கே வரக்கூடாது என்று நூலகத்தை மத்தியானத்தில் பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. என் தூக்கமும் போயிற்று. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டியும் நான், சங்கும் நான்.

ஜூன் மாதம் முதல் வாரம் கோபிகிருஷ்ணன் நேரில் வந்தார். கூடவே மினி லாரியில் எட்டடி உயரத்துக்கு ஒரு பலகை வந்தது. பெரிய திறந்த புத்தகம் வரைந்து, நடுவில் முகத்தை நுழைக்க ஓட்டை போட்டு, மேலே 'வாசிப்பே என் சுவாசம்' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. செல்பி எடுத்துக்கொள்வதற்காம். வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் எது என்று அறையைச் சுற்றி வந்தார். ஜன்னலுக்கு எதிரே, தமிழ் அலமாரி நின்ற இடம்தான் அது.

"இந்த ரேக்ல எவ்வளவு புழக்கம்?" என்று கேட்டார். வேங்கடாசலம் இரவல் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். இணை இயக்குநர் பதினோரு வருஷத்தைப் புரட்டினார். தெலுங்குப் புத்தகம், இங்கிலீஷ் புத்தகம், போட்டித் தேர்வுப் புத்தகம் எல்லாம் இருந்தன. தமிழில் ஒன்றுகூட இல்லை. "ஒருத்தர்கூட எடுக்கல!" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

வேங்கடாசலம் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வாயைத் திறந்தார், மூடினார். என்ன சொல்வார் பாவம், எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றா? என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

நான் அந்த நேரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வருகைச் சான்று, பலகை பெற்ற சான்று, பலகை நன்றாக இருக்கிறது என்ற சான்று. மொத்தம் நாற்பத்தொரு காகிதம். சமூகத்தின் குரல் நான்தானாம், அதனால் சமூகம் சார்பாக எல்லாவற்றிலும் நான் போடவேண்டும். ஒரு காகிதத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். "படிச்சிக்கினு இருந்தா பொழுது போயிடும் அண்டி. நம்பிக்கைதான் முக்கியம்" என்றார் கோபிகிருஷ்ணன். போட்டுவிட்டேன். முடியாது என்று சொல்லாமை எட்டாவது குணம்.

அலமாரியை லாரியில் ஏற்றும்போதுதான் அவர் சத்தமாக வாசித்தார்: "மேற்படி நூல்களை இவ்வூரில் வாசிப்பவர் எவரும் இல்லை என்று சமூகத்தின் சார்பில் இதன்மூலம் உறுதி கூறுகிறேன். ஒப்பம், நாகேந்திரன், தூதர்." அப்போதாவது, ஐயா நிறுத்துங்கள், ஒரு பொம்பளை படிக்கிறாள், முப்பது பேர் கேட்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். லாரி இன்னும் கிளம்பவில்லை. சொல்லவில்லையே! பலகையின் ஓட்டையில் முகத்தை விடச் சொன்னார்கள். விட்டேன். சிரிப்பு எண்பத்தாறு சதவீதம் வந்தது.

மறுநாள் மத்தியானம் தபீதாள் அக்கா வந்தாள். பூட்டியிருந்த கதவைத் தட்டித் தட்டி, நான் திறந்ததும் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள், பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அலமாரி எங்க?"

நான் பட்டையை இழுத்துச் சரிசெய்தேன்.

"மொத பாகம் நேத்தோட முடிஞ்சிது நாகேந்திரா. கொழந்தைய நாத்தனாகிட்ட குடுத்துட்டு ருக்மணி மெட்ராஸ் பஸ்ஸுல ஏறிட்டா. மழை ஊத்துது. வண்டி கெளம்புது. பின்னால சீட்டுலருந்து யாரோ 'ருக்மணி'ன்னு கூப்புடறாங்க. அதோட முற்றும்னு போட்டுட்டான் படுபாவி. பேக்டரியில ஒருத்தியும் சோறு துன்னல. புருஷன்தான்னு பாதி பேரு, அவ நைனான்னு பாதி பேரு, கத்தியோட சண்ட. ரெண்டாம் பாகம் எங்க?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "பைண்டிங்குக்கு திருப்பதி போயிருக்குதுக்கா. திங்கக்கெழம வந்துடும்."

அக்கா என் நீலப் பட்டையைப் பார்த்தாள், வில்லையைப் பார்த்தாள். "நீ சொன்னா சரி" என்றாள். அத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தான். பெஞ்சை உதைக்காமலே போய்விட்டாள். உதைத்திருந்தால் எனக்கு இத்தனை கஷ்டம் இருந்திருக்காது.

திங்கட்கிழமை வந்தாள். வியாழன் என்றேன். வியாழன் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் தூதர்கள் விழா, நானே கையோடு கொண்டுவருகிறேன் என்றேன். இரண்டு ராத்திரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு காலத்தில் ஃபேன் ஓடினாலே தூங்கினவன்.

யசோதாவிடம் மட்டும் சொன்னேன். "அட பாவி! போயி அந்த ஆபீசர் கால்ல உழுந்தாவது வாங்கியா. பொஸ்தகம் இல்லாம வூட்டுக்கு வராத" என்றாள். இஸ்திரி போட்ட பட்டையை என் மேல் எறிந்தாள்.

விழாவுக்குச் சீக்கிரமே போனேன். கோபிகிருஷ்ணன் மேடைக்குப் பின்னால் நின்றிருந்தார். "சார், எங்க ஊரு தமிழ் புஸ்தகம் எங்க கீது சார்? ஒண்ணே ஒண்ணு வேணும். படிக்கிறவங்க கீறாங்க."

"யார் படிக்கிறாங்க? நோட்டுல இல்லையே."

"நோட்டுல இல்ல சார். ஆனா படிக்கிறாங்க."

"நாகேந்திரன் காரு," என்றார் பொறுமையாக, தெலுங்கு மரியாதை போட்டு. அவருக்குப் பொறுமை உண்டு, மறுக்கமாட்டேன். "ஒருத்தர் படிச்சா அது புஸ்தகம். ஒருத்தரும் படிக்கலன்னா அது வெறும் பேப்பர். இது பேப்பர்னு சான்று கொடுத்தது நான் இல்ல, நீங்க. இப்ப புஸ்தகம்னு சொன்னா உங்க ஒன்பதாவது குணம் என்ன ஆகறது? நேர்மை! அதுக்காகத்தான இன்னிக்கு உங்களுக்குச் சிறந்த தூதர் விருது கொடுக்கப்போறோம்."

யானை வாயில் போன கரும்பு என்று அப்போதே ஊருக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. விருது என்றதும் கால் நின்றுவிட்டது. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பேர் கூப்பிட்டார்கள். மேடைக்கு ஏற மரப்படி வைக்கவில்லை. அதற்குப் பதில் எதையோ அடுக்கி நாலு படி, மேலே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். முதல் படியில் கால் வைத்தபோது மெத்தென்று அமுங்கியது. கம்பளத்தின் ஓரம் விலகியிருந்தது. கயிறு போட்டுக் கட்டிய கட்டுகள். எங்கள் ஊர் முத்திரை குத்திய புத்தகங்கள். லாரி வரும்வரை கிடக்கட்டும் என்று மேடைக்குப் படியாக அடுக்கியிருக்கிறார்கள். மூன்றாவது படியில், என் செருப்புக்குப் பக்கத்தில், பச்சைக் காலிகோ தெரிந்தது. வெள்ளைப் பெயிண்டில் 2.

குனிந்து இழுத்தேன். கட்டு அசைந்தது, மேடை கிரீச் என்றது. "சாமி கும்பிடறார்!" என்று மைக்கில் சொன்னார்கள். "வாசிப்பு மேடையைத் தொட்டுக் கும்பிடும் தூதர்!" கைதட்டல் கொட்டியது. இரண்டு பேர் என் கையைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

விருது கொடுத்தார்கள். விழா முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முடிந்தது. எல்லாத் தூதர்களும் சேர்ந்து ஒரு குரூப் போட்டோ என்றார்கள். படிக்கட்டு என் கண்ணுக்கு நேரே இருந்தது. இருபது அடி. கம்பளத்தைச் சுருட்டினார்கள். ஆட்கள் வந்து கட்டுகளைத் தூக்கினார்கள். நான் நடு வரிசையில், கேடயத்தோடு, இணை இயக்குநருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒருத்தர் கண் மூடிவிட்டார் என்று மறுபடி எடுத்தார்கள். இன்னொரு தரம் எடுத்தார்கள். விலகி ஓடியிருந்தால் என்ன, தலையையா வாங்கிவிடுவார்கள்? போட்டோ கெட்டுப்போகும், அவ்வளவுதான். நான் நின்றேன். சிரித்துக்கொண்டே நின்றேன். பின்பக்கம் லாரி கிளம்புகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்பது முதல் குணம்.

பிறகு ஓடினேன். எங்கே போகிறது என்று வாட்ச்மேனைக் கேட்டேன். "பேப்பர் மில்லுக்கு. அட்டைப்பெட்டி செய்யறதுக்கு" என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் நானே மாங்கூழ் பேக்டரிக்குப் போனேன். பட்டை போட்டிருந்ததால் கேட்டில் யாரும் தடுக்கவில்லை, யாரோ இன்ஸ்பெக்டர் என்று நினைத்து சல்யூட் அடித்தார்கள். தகரக் கொட்டகைக்குள் ஒரே மாம்பழ வாசனை. முப்பது பெண்கள், மஞ்சள் பிடித்த கைகளோடு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி, "வந்துட்டாரு! பொஸ்தகம் வந்துட்ச்சி!" என்று கத்தினாள். எல்லோரும் டப்பாவை மூடினார்கள். ஒரு சின்னப் பெண், காவ்யா என்று பேர், உட்காருவதற்கு ஒரு காலிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டாள்.

"வரல" என்றேன்.

தபீதாள் அக்கா எழுந்து வந்தாள். "எவனோ ஆபீசர் தூக்கிக்கினு போயிட்டானாம். வேங்கடாசலம் அழுதுகினு சொன்னாரு. யாரோ ஒரு படுபாவி, இங்க யாரும் படிக்கலன்னு எழுதிக் குடுத்துட்டானாம். நீ இன்னாப்பா பண்ணுவ, நீயும் எத்தினி நாளா அலையிற." அவள் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "இவரு மேல தப்பில்லடி. திருப்பதி வரைக்கும் போயிட்டு வந்துகீறாரு."

என் பாட்டுக்கு அப்படியே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். வேங்கடாசலம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காவ்யா எனக்கு ஒரு மூடியில் தயிர்சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சோற்றைப் பார்த்ததும்தான் எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான்க்கா எழுதிக் குடுத்தேன்."

காவ்யா மூடியைக் கீழே வைத்தாள். அக்கா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"பைண்டிங்குன்னியே?"

"பொய்."

"யாரும் படிக்கலன்னு எழுதன பேப்பர்ல நீ கையெழுத்து போட்ட."

"ஆமாங்க்கா."

அக்கா என் வில்லையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால் புண்ணியம் என்று இருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"படிச்சிப் பாத்துட்டா போட்ட?"

"இல்லக்கா. படிக்கல."

பின்னாலிருந்து ஒரு பெண் "அடக் கடவுளே" என்றாள், கோபமாகக்கூட இல்லை. அக்கா போய்த் தன் துணிப்பையை எடுத்து வந்தாள். பச்சைப் பைண்டு, முதல் பாகம். அதை என் கையில் வைத்தாள்.

"குந்து."

கவிழ்த்துப் போட்டிருந்த கிரேட்டில் உட்கார்ந்தேன்.

"மொதல்லருந்து படி. சத்தமா. நான் இன்னிக்கு துன்றேன்." அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். வாசிக்கிறவளுக்குச் சாப்பிட நேரம் இருக்காது என்பது அதுவரை என் புத்தியில் ஏறியதில்லை. எத்தனை சீசனாக இந்த அரை மணி நேரம் அவள் பட்டினி கிடந்திருப்பாள்?

பத்தாவதோடு தமிழ் வாசிப்பை விட்டவன் நான். முதல் நாலு பக்கம் கிழிந்து போயிருந்ததால் கதை ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்கியது. தடுக்கித் தடுக்கிப் படித்தேன். ஒரு வரி விட்டுப்போனால் நாலு பேர் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு தடவை கேட்டதே அவர்களுக்கு மனப்பாடம். ருக்மணி கல்யாணமாகி மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். மாமியார் ஆரத்தி எடுத்தாள். முன்னூற்றெண்பது பக்கம், பத்துப் பத்தாகப் படித்தால் முப்பத்தெட்டாம் நாள் அந்த பஸ் வந்துவிடும் என்று படித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிடுவார்கள். அதற்கப்புறம் முப்பது பேரும் நிமிர்ந்து என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

பயத்தில் வேகமாகப் படிக்க ஆரம்பித்தேன் போலிருக்கிறது. காவ்யா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மெள்ள படிங்கண்ணா," என்றாள். "இத்தோட முடிஞ்சிடும் இல்ல?"